வாசகத்தின் மீதி

அத்தியாயம் 9

திருவிழாவுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள், கொடி இறங்கிய மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். கடியப்பட்டணத்தில் அதுதான் முறை.

அபிதா ஏறவில்லை.

ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். வளையல் கடைக்காரர்கள் அடுத்த ஊர்த் திருவிழாவைத் தேடிப் போனார்கள். கோயில் முற்றத்தில் பந்தல்கால் நட்ட குழிகளைக்கூட மணல் மூடிவிட்டது. அபிதாவின் பை மட்டும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில், வைத்த இடத்திலேயே இருந்தது.

கேட்டவர்களுக்கு அம்மா குளோரி முதலில் காய்ச்சல் என்றாள். பிறகு பல்வலி என்றாள். காய்ச்சல் பல்லுக்கு இறங்கியிருக்கும் என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிச் சிரித்தபோது குளோரியும் கூடச் சிரித்துவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

அப்பா ததேயுசிடம் அபிதா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான். அங்கே தன்னால் தாங்க முடியவில்லை என்று. எதை என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும் என்று நினைத்தார். மருமகன் விபின் ஆழ்கடல் போட்டில் போகிறவன். போனால் மாதம் தாண்டித்தான் திரும்புவான். மாமனார் வாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுக்கையில் கிடக்கிறார். மாமியார் செசிலி விடிவதற்கு முன்னே மீன் ஏலத்துக்குப் போகிறவள். சமையலும் துணியும் நோயாளியும் அபிதாவின் தலையில். இருபத்துமூன்று வயதில் பெண்ணுக்கு வேலை கசக்கிறது. அவ்வளவுதான்.

பதினான்கு வயதில் கடலுக்குப் போனவருக்கு அப்படித்தான் தோன்றியது.

அன்று காலை செசிலி போன் செய்தாள். விபினின் போட்டு நாளை விடியற்காலையில் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் கரை பிடிக்கிறது. இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தவன் வீட்டுக்குள் நுழையும்போது பெண்டாட்டி வீட்டில் இல்லாமல் இருப்பது அழகா என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது. தானே சாயங்காலம் ஆட்டோ பிடித்து வந்து அழைத்துப் போவதாகச் சொன்னாள்.

இன்று இரவு நம் வீட்டில்தான் அன்பியக் கூட்டம், அதில் இருந்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து புறப்படுங்கள் என்றார் ததேயுஸ்.

போனை வைத்தபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. நீரோட்டம் பிடிபட்ட ஆளின் தெளிவு. சூசையப்பர் அன்பியத்துக்கு அவர்தான் தலைவர். இருபது குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி வேதம் வாசிக்கும். எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர்தான் வாசகத்தைத் தேர்ந்தெடுப்பார்.

வாசகத்தை அவர் தேர்ந்துவிட்டார்.

* * *

கோயிலிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை அப்பாவும் மகனும் முற்றத்தில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவில் சிந்திய ஐஸ்கிரீம் கறை இன்னும் போகவில்லை.

அஜின் சாமியாராவதற்குக் குருமடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அபிதாவுக்கு மூன்று வயது இளையவன். விடுமுறைக்கு வந்தால் ஊரே அவனைப் பிரதர் என்று கூப்பிடும். அவனைத் தூக்கி வளர்த்த பெண்கள்கூட எழுந்து நின்று பிரதர் சாப்பிட்டாச்சா என்பார்கள். அபிதா மட்டும் ஏலே என்பாள்.

“பிரதருக்கு இன்னைக்கு ஒரு சோலி உண்டு” என்றார் ததேயுஸ். பாதி விளையாட்டு, பாதி மரியாதை.

வேதப் புத்தகத்தில் குருத்தோலைச் சீவல் ஒன்றை வைத்து அடையாளம் செய்திருப்பதாகச் சொன்னார். எருசலேம் இடிந்து கிடந்தபோது ஒருவன் அழுது பாடிய பகுதி. அதில் மூன்று வரி மட்டும் வாசித்தால் போதும். பல வருடங்களுக்கு முன் ஒரு புதுப் போட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த சாமியார் அந்த வரியைச் சொல்லித்தான் பையன்களைக் கடலுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அது அவரிடம் இருக்கிறது.

“இளவயசுல நுகம் சுமக்கியது மனுசனுக்கு நல்லதுன்னு இருக்கு. அதை வாசிச்சிட்டு நீ நாலு வார்த்த பேசணும். நான் பறஞ்சா அப்பன் பறையுதான்னு போவும். நீ பறஞ்சா வேதம் பறையுது.”

“யாருக்கு பேசணும்பா?”

ததேயுஸ் நாற்காலியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். எல்லாருக்கும்தான் என்றார்.

அஜினுக்குப் புரிந்தது. இருபது குடும்பங்களின் முன்னால், மாமியாரும் பக்கத்தில் இருக்கும்போது, தம்பியின் வாயால் வேதம் கேட்டபிறகு, அக்கா போகமாட்டேன் என்று சொல்ல முடியாது. எழுந்து பையை எடுப்பாள். அப்பா அவளைத் திட்டக்கூட வேண்டியிருக்காது.

வேறொரு பகுதியை வாசிக்கலாமே என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். பாரம் சுமந்து தளர்ந்தவர்களை எல்லாம் தம்மிடம் வரச் சொல்லி, இளைப்பாறுதல் தருவேன் என்று இயேசு சொன்ன இடம்.

“அது செத்த வீட்டுல வாசிக்கியது” என்றார் ததேயுஸ். “எனக்க மவ உயிரோட இருக்கா.”

சமையலறை ஜன்னலில் குளோரியின் முகம் தெரிந்து மறைந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். வலை இழுக்கும் விஞ்ச் கயிறு அடித்த இடுப்பு. முப்பது வருடக் கடல் அதோடு முடிந்தது. இந்த இடுப்பும் ஒரு நுகம்தான், அதுவும் தன்னைக் கெடுத்துவிடவில்லை என்பதுபோல அடுத்த நாற்காலியை இழுத்தார்.

* * *

பின்கட்டில் அபிதா மரச்சீனிக் கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு அவித்த கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் கட்டன் சாயாவும்.

அஜின் அவள் பக்கத்தில் போய்க் குந்தினான். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அக்கா, சாயங்காலம் உனக்குத்தான் பிரசங்கம் என்றான்.

அவள் திரும்பவில்லை.

கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தான். மறுபடி கூப்பிட்டான். கத்தி கிழங்கின் மேல் ஒரே சீராக இறங்கியது. தோல் சுருள் சுருளாக விழுந்தது. மூன்றாம் முறை தோளைத் தொட்டதும் அவள் உடம்பு முழுவதும் துள்ளியது. கத்தி கைதவறி மண்ணில் விழுந்தது.

அந்தத் துள்ளலை அவனால் மறக்க முடியாது என்று அந்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்தது.

“இந்தப் பக்கம் வந்து இரி” என்றாள் அபிதா. வலப்பக்கத்தைக் காட்டினாள். “அந்தக் காது கேக்காதுலே.”

எப்போதிலிருந்து என்று கேட்டான். போன தடவை போட்டு கரை பிடித்ததிலிருந்து என்றாள். அதற்கு மேல் அவள் சொன்னதெல்லாம் ஊர் விஷயம் பேசும் குரலில் இருந்தது. விபின் கரையில் நிற்கும் நாட்களில்தான். கடலில் இருக்கும்போது நல்லவன், போனில் பாட்டெல்லாம் பாடுவான். கரையில் வந்து இரண்டு நாள் தூங்குவான். மூன்றாம் நாளிலிருந்து ஏதாவது ஒன்று. குழம்பில் புளி. போன் எடுக்கத் தாமதம். எதுவும் இல்லையென்றால் அதுவும் ஒரு காரணம்.

மாமியார் பார்த்திருக்கிறாளா என்று கேட்டான்.

“பாத்திருக்கா. அடுத்த நாளு தைலம் தேச்சு விட்டா. நல்லாத்தான் தேச்சு விட்டா.”

வேலைதான் கஷ்டம் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறாரே என்றான். மாமாவுக்குக் கஞ்சி கொடுப்பதும் துணி மாற்றுவதும் தனக்கு ஒரு பாரமே இல்லை என்றாள் அபிதா. அவர் குழந்தை மாதிரி. அந்த வேலையைச் சாகும்வரை செய்வாள்.

“அப்பாட்ட சொல்லு.”

“அப்பா வெட்டுக்கத்திய எடுத்திட்டு ஓடுவாரு. இல்லன்னா ஒண்ணும் சொல்லாம என்னையே பாத்திட்டு இருப்பாரு. ரெண்டுல எது நடந்தாலும் எனக்குத் தாங்காது.”

அவனிடம் வாக்குக் கேட்டாள். சாமியாருக்குப் படிக்கிறவன் சத்தியம் செய்யக் கூடாது என்றால் சும்மா வாயால் சொன்னால் போதும், யாரிடமும் சொல்லக் கூடாது. அவன் சொன்னான். சொன்னபிறகு, சாயங்காலம் போவாயா என்று கேட்டான்.

அவள் கத்தியை எடுத்து மண்ணைத் துடைத்தாள்.

“எல்லாரும் இருக்கச்செ அப்பா போன்னு சொன்னா நான் போவேன். ஆளுக முன்னால அப்பாவ எதுத்துப் பேச எனக்கு வராது. அது அவருக்கும் தெரியும்.”

* * *

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அஜின் வேதப் புத்தகத்தைத் திறந்தான். குருத்தோலைச் சீவல் காய்ந்து மஞ்சளாகியிருந்தது. அப்பா பென்சிலால் மூன்று வரிகளுக்கும் ஓரத்தில் கோடு போட்டிருந்தார். கோடு நுகத்தோடு முடிந்தது.

கோட்டுக்குக் கீழேயும் அவன் வாசித்தான்.

அங்கே இருந்த ஒரு வரியில் அவன் விரல் நின்றுவிட்டது. அப்பாவுக்கு இது தெரியாது. அவர் ஒரு வரியைக் காதால் கேட்டு, வாழ்நாள் முழுக்க வைத்திருந்தவர். அதற்கு அடுத்த வரி என்ன என்று பார்க்க அவருக்கு ஒருபோதும் தேவை வரவில்லை.

மூன்று வரியோடு நிறுத்தலாம். அப்பா சொன்னபடி நாலு வார்த்தையும் பேசலாம். அல்லது தலைவலி என்று படுத்துக்கொள்ளலாம். எதிர்வீட்டுக்காரர் வாசிப்பார், அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் மூன்று வரி வாசித்துவிடுவார். எப்படியானாலும் அக்கா ஆட்டோவில் ஏறுவாள்.

வாக்குக் கொடுத்திருக்கிறான். யாரிடமும் சொல்ல மாட்டான். ஆனால் வாசகத்தை வாசிப்பது சொல்வதாகுமா?

வெளியே கடல் எந்தக் கருத்தும் இல்லாமல் இரைந்துகொண்டிருந்தது. அவன் புத்தகத்தை மூடி, நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

* * *

ஆறரை மணிக்கே செசிலி வந்துவிட்டாள். ஒரு சீப்பு ஏத்தன் பழமும், தாளில் பொதிந்த நெத்திலிக் கருவாடும் கொண்டுவந்தாள். வாசலில் ஆட்டோவை நிற்கச் சொல்லிவிட்டு, குளோரியின் கையைப் பிடித்துக்கொண்டு நலம் கேட்டாள். அபிதாவைக் கண்டதும் முடியை ஒதுக்கிவிட்டு, மெலிந்துபோய்விட்டாளே என்றாள். பொய்யான அன்பு இல்லை அது. அதுதான் அஜினுக்குப் பயமாக இருந்தது.

மருமகள் இல்லாத வீடு எப்படிக் கிடக்கிறது என்று செசிலி ததேயுசிடம் சொன்னாள். அவளுடைய புருஷன் அபிதா கொடுத்தால்தான் கஞ்சி குடிக்கிறாராம். ததேயுஸ் மகளைப் பெருமையோடு பார்த்தார். பார்த்தாயா, உன்னை எப்படித் தேடுகிறார்கள் என்ற பார்வை.

ஏழு மணிக்கு வீடு நிறைந்தது. நடுவில் சின்ன மேசை, வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி. ஆண்கள் சிலர் வாசல் பக்கம் நின்றார்கள். செசிலி அபிதாவின் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வப்போது அவளிடம் ஏதோ சொன்னாள். அபிதா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றுகூட அவளுக்குக் கேட்டிருக்காது என்பது அந்த வீட்டில் அஜினுக்கு மட்டும் தெரியும்.

பாட்டு முடிந்தது. ததேயுஸ் எழுந்து, இன்று நம்ம பிரதர் வாசிப்பார், நாலு வார்த்தையும் சொல்வார் என்றார்.

அஜின் குருத்தோலையை எடுத்து மேசையில் வைத்தான்.

ஆண்டவர் தம்மை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு நல்லவர் என்று வாசித்தான். அவர் தரும் விடுதலைக்காக அமைதியாகக் காத்திருப்பது நல்லது. இளம் வயதில் நுகம் சுமப்பது மனிதனுக்கு நல்லது.

ததேயுஸ் தலையசைத்தார். இந்த இடத்தில் வாசிப்பவன் ‘இது ஆண்டவரின் வாக்கு’ என்று முடிக்க, கூட்டம் நன்றி சொல்லும். பெண்கள் பதிலுக்குத் தயாரானார்கள்.

அஜின் முடிக்கவில்லை. அக்காவைப் பார்த்தான். பிறகு தொடர்ந்து வாசித்தான்.

“அவன் தனித்து உட்கார்ந்து பேசாமல் இருக்கட்டும். அவன் வாய் புழுதியைத் தொடட்டும். அடிக்கிறவனுக்கு அவன் தன் கன்னத்தைக் கொடுக்கட்டும்.”

அபிதாவின் தலை நிமிர்ந்தது.

ததேயுஸ் குனிந்து மகனின் காதருகே, போதும் என்றார். அஜின் நிறுத்தவில்லை. ஆண்டவர் ஒருவரை என்றைக்குமாகக் கைவிட்டுவிடுவதில்லை. மனிதரைத் துன்புறுத்துவது அவர் மனம் விரும்பிச் செய்யும் காரியம் இல்லை. ஒருவருக்குரிய நியாயத்தைப் புரட்டுவதை அவர் பார்க்காமல் இருப்பாரோ?

அங்கே முடித்துப் புத்தகத்தை வைத்தான். பேச வேண்டிய நாலு வார்த்தையைப் பேசாமல் உட்கார்ந்துவிட்டான்.

வாசகத்துக்குப் பின் கொஞ்சநேரம் மௌனம். அதன்பிறகு, தங்கள் மனதைத் தொட்ட சொல்லை ஒவ்வொருவரும் மூன்று முறை உரக்கச் சொல்ல வேண்டும். விளக்கம் சொல்லக் கூடாது. சொல்லும்போது குறுக்கே யாரும் பேசவும் கூடாது. இந்த ஒழுங்கில் ததேயுஸ் கறாரானவர். போன மாதம் இடையில் இருமிய ஒருவரைக்கூட முறைத்திருக்கிறார்.

எதிர்வீட்டுக்காரி எப்போதும்போல முதலாவதாக, ஆண்டவர் நல்லவர் என்று மூன்று முறை சொன்னாள். எந்த வாசகம் ஆனாலும் அவளுக்கு அதுதான். யாரோ விடுதலை என்றார்கள். ததேயுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, இளம் வயதில் நுகம் சுமப்பது நல்லது என்று மூன்று முறை சொன்னார். மூன்றாம் முறை கொஞ்சம் சத்தமாக.

பிறகு அபிதா எழுந்தாள். எழுந்து நின்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுந்தாள்.

“அடிக்கிறவனுக்கு அவன் தன் கன்னத்தைக் கொடுக்கட்டும்.”

சிலர் கண்ணை மூடியபடியே கேட்டார்கள்.

“அடிக்கிறவனுக்கு அவன் தன் கன்னத்தைக் கொடுக்கட்டும்.”

இப்போது கண்கள் திறந்தன. அவளுடைய கை தானாக எழுந்து இடது காதைப் பொத்தியிருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கே தெரியவில்லை. செசிலி அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து மெல்ல இழுத்தாள். நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ததேயுஸ் ஏற்படுத்திய ஒழுங்கு அது.

மூன்றாம் முறை சொன்னபோது அபிதா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

ததேயுஸ் மகளின் கையைப் பார்த்தார். கைக்கு அடியில் இருக்கும் காதைப் பார்த்தார். பிறகு செசிலியைப் பார்த்தார். அடுத்து, அவரவர் அனுபவத்தைச் சொல்லும் பகிர்வு என்று அவர்தான் அறிவிக்க வேண்டும்.

செசிலிதான் பேசினாள். அறிவிக்காமலே பகிர்வைத் தொடங்கிவிட்டாள். பதினாறு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் தான் என்றாள். அந்தக் காலத்தில் தான் வாங்காத அடி இல்லை, யாரிடமும் சொன்னதில்லை. இன்று தன் சொந்தக் காலில் நிற்கிறாள், ஏலத்தில் ஆண்களுக்குச் சமமாக நின்று விலை பேசுகிறாள், ஒரு வீட்டையே நடத்துகிறாள். அந்த நுகம்தான் தன்னை இப்படி ஆக்கியது. பிரதர் வாசித்தது சத்தியம். பொறுத்திருந்தால் எல்லாம் தேய்ந்து நன்றாகிவிடும்.

அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வயதான பெண்கள் இரண்டு பேர் தலையசைக்கக்கூடச் செய்தார்கள். காற்று மறுபடி அந்தப் பக்கம் திரும்புவதை அஜின் உணர்ந்தான்.

அபிதா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

“மாமி, மாமாவுக்கு ஒத்தக் கை மட்டுந்தான் எழும்பும். தண்ணி வேணும்னு அவரு அந்தக் கையத் தூக்கும்போ, நீங்க இன்னைக்கும் தலைய ஒதுக்குதிய. நான் பாத்திருக்கேன்.” நிறுத்தினாள். “அது எப்பம் மாமி நல்லதாவும்?”

அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள்.

செசிலி பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். மீன்செதில் நகக்கண்ணில் ஒட்டிய, பருத்த, வலுவான கைகள். அவை மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

ததேயுஸ், சரி, மன்றாட்டுக்குப் போவோம் என்றார். பழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போயிற்று. அப்போது சமையலறை வாசலிலிருந்து குளோரி பேசினாள். அன்பியத்தில் அவள் இதுவரை சாயா வேண்டுமா என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

“அந்த இன்னொரு வாசகத்தையும் வாசிக்கச் சொல்லும். எனக்க மவ செத்த பொறவு அவளுக்குக் கேக்காது.”

ததேயுஸ் மனைவியை, முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். காய்ச்சலும் பல்வலியும் ஊர்வாய்க்காக அல்ல, மகளுக்காகச் சொல்லப்பட்டவை என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மெதுவாக மகன் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

அஜினுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை. பாரம் சுமந்து தளர்ந்துபோனவர்களே, எல்லாரும் என்னிடம் வாருங்கள், நான் உங்களை இளைப்பாறச் செய்வேன் என்று நினைவிலிருந்து சொன்னான். அதே இடத்தில் இயேசுவும் ஒரு நுகத்தைப் பற்றிப் பேசுகிறார். தன் நுகம் அழுத்தாது என்கிறார். அஜின் அதையும் விடாமல் சொன்னான். இன்று எதையும் பாதியில் நிறுத்துவதில்லை என்று அவன் முடிவு செய்திருந்தான்.

அக்கா அழுவாள் என்று நினைத்தான். அவள் அழவில்லை. செசிலிதான் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, அந்தச் சொற்கள் விலாசம் மாறித் தன் வீட்டுக்கு வந்துவிட்டவைபோல, பயத்தோடு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

கிழங்கு அப்படியே ஆறியது. பெண்கள் அபிதாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி மட்டும் இரண்டு துண்டு கிழங்கைத் தாளில் பொதிந்துகொண்டு, நெடுநேரம் குளோரியின் பக்கத்தில் சும்மா நின்றுவிட்டுப் போனாள்.

செசிலி யாரும் சொல்லாமலே எழுந்தாள். அபிதாவை வா என்று கூப்பிடவில்லை. கண்ணால்கூடக் கேட்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தாள். ததேயுஸ் பின்னாலேயே போனார். அஜினும் போனான்.

இரண்டு பேருக்காக வந்த ஆட்டோ. செசிலி ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, நடுவுக்கு நகர்ந்தாள்.

“அண்ணே” என்றாள். “அவன் கரை பிடிச்சு வீட்டுக்கு வந்ததும் இவளத்தான் தேடுவான். இல்லன்னா நேர இஞ்ச வருவான். என்னால பிடிச்சு நிறுத்த முடியாது. அவனுக்க அப்பன என்னால நிறுத்த முடிஞ்சுதா?”

ததேயுஸ் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன் மருமகனுக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று ஊரில் ஒரு முறை உண்டு. அந்த முறைப்படி நான்கு வருடம் நின்றிருக்கிறார். அவன் வந்தால் நாற்காலி போட்டு, மீன் வாங்கிவந்து, சாப்பிடும்வரை பக்கத்தில் நின்றிருக்கிறார்.

“அவன் இஞ்ச வராண்டாம்” என்றார். “நான் அங்க வாறேன். போட்டு அணையும்போ துறைமுகத்துல நிப்பேன்.”

“அடிக்கவா?”

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

“தெரியல்ல சம்மந்தி.”

செசிலி ஓட்டுநரின் தோளைத் தட்டினாள். ஆட்டோ மணலில் ஒருமுறை திணறி, பிறகு ரோட்டைப் பிடித்தது. அதன் சிவப்பு விளக்கு வளைவில் மறையும்வரை மூன்று பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது ஆள் எப்போது வந்தாள் என்று அஜினுக்குத் தெரியவில்லை.

“நானும் வாறேன்பா” என்றாள் அபிதா.

ததேயுஸ் திரும்பினார். நீ எதற்கு, வீட்டில் இரு, இது ஆண்கள் பேசிக்கொள்ள வேண்டியது என்று சொல்லப்போகிறவர்போல அவர் கை உயர்ந்தது. அபிதாவின் தலை சட்டென்று ஒரு பக்கம் ஒதுங்கியது.

உயர்ந்த கை அப்படியே நின்றது. தான் இதுவரை அந்தக் கையால் மகளை அடித்ததே இல்லை என்று சொல்ல அவர் உதடுகள் அசைந்தன. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. மெதுவாக, ஒரு கனமான பொருளைக் கீழே வைப்பதுபோல, கையை இறக்கினார்.

“நான் சொல்லாம நீங்க போயி சொன்னா அது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள சண்டையாப் போவும்” என்றாள் அபிதா. “நான் வரமாட்டேன்னு நான்தான் அவன்ட்ட சொல்லணும். நீங்க பக்கத்துல நின்னாப் போதும்.”

உள்ளே குளோரி நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் நின்றிருந்தது. அவளும் காதைக் கொடுத்திருந்தாள்.

ததேயுஸ் இருட்டியிருந்த ரோட்டைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.